ஹெட்லி வெரிட்டி: பத்து ரன்னுக்குப் பத்து விக்கெட் எடுத்தவரை ஆடுகளத்தைக் கழித்துவிட்டு மதிப்பிட முடியுமா?

ஏட்டுக்கணக்கர்

நண்பர்களே, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தின் இங்கிலாந்து கவுண்டி (மாவட்ட அணி) ஆட்டங்களைச் சில மாதங்களாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அந்த வாசிப்பில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட மனிதர், யார்க்ஷயர் அணியின் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஹெட்லி வெரிட்டி. 1932 ஜூலை 12 அன்று லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானத்தில் நாட்டிங்காம்ஷயர் அணிக்கு எதிராக அவர் வீசிய கணக்கு 19.4 ஓவர், 16 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 10 ரன், 10 விக்கெட். முதல்தரக் கிரிக்கெட்டில் பத்து விக்கெட்டையும் இதைவிடக் குறைந்த ரன்னுக்கு எடுத்தவர் இன்றுவரை எவரும் இல்லை. உணவு இடைவேளையில் அந்த அணி விக்கெட் இழப்பின்றி 38 ரன் எடுத்திருந்தது. பின்னர் 67 ரன்னுக்குச் சுருண்டது. கடைசி ஏழு விக்கெட்டுகள் வெரிட்டியின் 15 பந்துகளில் விழுந்தன. அந்தப் பந்துகளில் அவர் கொடுத்தது மூன்றே ரன்கள், இடையில் ஒரு ஹாட்ரிக்கும் (அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட்) உண்டு. மறுமுனையில் ஜார்ஜ் மெக்காலே 23 ஓவர் வீசி ஒரு விக்கெட்கூட எடுக்கவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 1931 மே 18 அன்று, தம் 26-ஆம் பிறந்தநாளில், இதே மைதானத்தில் வார்விக்ஷயர் அணிக்கு எதிராக 36 ரன்னுக்குப் பத்து விக்கெட் எடுத்திருந்தார். அந்த வார்விக்ஷயர்தான் இளம் வெரிட்டியைத் தேர்வுப் பயிற்சிக்கு அழைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கவுண்டி என்பதை வாசித்தபோது, ஏட்டை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

378 முதல்தரப் போட்டிகளில் 1,956 விக்கெட், சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்) 14.90, 40 டெஸ்ட் போட்டிகளில் 144 விக்கெட், சராசரி 24.37. அவர் யார்க்ஷயருக்கு ஆடிய பத்துப் பருவங்களில் அந்த அணி ஏழு முறை கவுண்டி சாம்பியன் ஆனது. என் கேள்வி இதுதான்: மழையிலும் மூடப்படாத ஆடுகளங்களின் காலத்தைச் சேர்ந்த இந்த எண்களை இன்று நாம் எப்படி வாசிக்க வேண்டும்?

பழைய மட்டை

கேள்வியை நேராக வைத்ததற்கு நன்றி. என் பதிலும் நேராகவே இருக்கட்டும்.

அந்தக் காலத்தில் ஆட்டம் தொடங்கியபின் களம் திறந்தே கிடந்தது. இரவு முழுக்க மழை, காலையில் வெயில் என்றால், அன்று பகல் சுழற்பந்து வீச்சாளருக்கு எழுதிக் கொடுத்த சொத்து. ஹெடிங்லியிலும் முன்பு பெய்த இடிமழையே அந்தக் களத்தை அப்படி ஆக்கியது. விக்கெட்டுகள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தன என்பதற்குப் பிற கவுண்டிகளைப் பாருங்கள். கென்ட் அணியின் டிச் ஃப்ரீமன் 1928 பருவத்தில் மட்டும் 304 விக்கெட் எடுத்தார், வாழ்நாளில் 3,776. அவர் ஆடியவை 12 டெஸ்ட் போட்டிகளே. குளோஸ்டர்ஷயரின் சார்லி பார்க்கர் வெரிட்டியைப் போலவே இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். 3,278 விக்கெட் எடுத்த அவருக்கு 1921-இல் ஒரே ஒரு டெஸ்ட்தான் கிடைத்தது. ஆகவே கவுண்டி எண்களை வைத்து மட்டும் ஒருவரை மேதை என்று சொல்ல நான் தயாராக இல்லை.

வெரிட்டியின் புகழுக்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்படும் 1934 லார்ட்ஸ் டெஸ்டையும் எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 192. ஞாயிறு ஓய்வு நாள், மழை பெய்தது. திங்கட்கிழமை ஒரே நாளில் வெரிட்டி 14 விக்கெட் எடுத்தார். போட்டியில் 104 ரன்னுக்கு 15. ஆனால் அந்தத் தொடர் முழுவதிலும் அவர் எடுத்தவை 24 விக்கெட்டுகள்தாம். மற்ற நான்கு போட்டிகளிலும் சேர்த்து ஒன்பது. மழை இல்லையென்றால் வெரிட்டி யார் என்ற கேள்விக்கு அந்த ஒன்பதே விடை என்று ஏன் சொல்லக் கூடாது?

இடக்கைச்சுழல்

பழைய மட்டை அவர்களே, உங்கள் கணக்கில் பிழையில்லை. ஆயினும் மழையில் நனைந்த களத்தில் வீசுவது பற்றிய உங்கள் எண்ணத்தில் ஒரு குறை இருக்கிறது. நான் இருபது ஆண்டுகளாக எங்கள் ஊர் லீக்கில் இடக்கையால் சுழற்பந்து வீசுபவன். நீர் இறைத்துச் சரியாக உருட்டப்படாத களங்களிலும், மாலை மழைக்கு மறுநாள் காய்ந்துகொண்டிருக்கும் களங்களிலும் வீசிப் பார்த்திருக்கிறேன்.

களம் முழு ஈரமாக இருக்கும்போது பந்து வழுக்கிக்கொண்டு போகும். அங்கே சுழற்பந்து வீச்சாளருக்கு ஒன்றும் கிடைக்காது, கையில் பந்து சோப்புக்கட்டி போல நழுவும். முழுதாகக் காய்ந்துவிட்டாலும் ஒன்றும் கிடைக்காது. இடையில், மேற்பரப்பு பொருக்குத் தட்டத் தொடங்கி அடியில் மண் இன்னும் இளகி இருக்கும் ஒன்றிரண்டு மணி நேரமே பந்து மண்ணைக் கவ்வித் திரும்பி எழும்பும். அந்த நேரத்தில் பந்துவீச்சாளனுக்கு வரும் சோதனை பேராசை. எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கும் ஆசையில் பந்தை மிகையாகத் திருப்பினால், அது மட்டையின் விளிம்பைத் தொடாமல் வெளியே போய்விடும். நீளம் சற்றே குறைந்தால், எழும்பும் பந்தை மட்டையாளர் தொடாமல் விட்டுவிடலாம். மட்டையாளரை முன்காலுக்கு இழுத்து, விளிம்பின் அகலத்துக்கு மட்டும் திருப்பி, அதையே பந்துக்குப் பந்து செய்ய வேண்டும். என் அனுபவத்தில் அப்படிப்பட்ட களங்களில் விக்கெட் எடுத்த நாட்களைவிட, நான்கு ரன்களாக வாரிக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து திரும்பிய நாட்களே அதிகம்.

வெரிட்டி உயரமானவர், சுழற்பந்து வீச்சாளருக்கு நீளமான ஓட்டம் ஓடி, உயரத்திலிருந்து, சற்றே வேகமாக வீசினார். லீக் கிரிக்கெட்டில் ஆடத் தொடங்கியபோது மிதவேகப் பந்துவீச்சாளராகவே இருந்தார். லங்காஷயர் லீக்கில் அக்ரிங்டன், பிறகு மத்திய லங்காஷயர் லீக்கில் மிடில்டன் என்று கூலிக்கு ஆடிய ஆண்டுகளில்தான் சுழலுக்கு மாறினார். எனவே பந்தைக் காற்றில் தொங்கவிட்டு ஏமாற்றும் வித்தை அவருடைய முதல் ஆயுதம் அன்று. துல்லியமும் எழுச்சியும் வேக மாற்றமுமே அவருடைய கருவிகள். எழும்பும் களத்துக்கு இவை எவ்வளவு பொருத்தமானவை என்று யோசித்துப் பாருங்கள். 16 மெய்டன் ஓவர் என்ற எண்தான் எனக்கு 10 விக்கெட்டைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஏறக்குறைய இருபது ஓவரில், அப்படித் திரும்பும் களத்தில், அடிக்கத்தக்க பந்து ஒன்றும் வீசாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பந்து பிடித்தவர்கள் அறிவார்கள்.

லார்ட்ஸில் அந்தத் திங்கட்கிழமை விழுந்த 18 விக்கெட்டுகளில் 14 அவருடையவை. களம் எல்லா வீச்சாளர்களுக்கும் பொதுவாகத்தானே இருந்தது?

ஏட்டுக்கணக்கர்

லார்ட்ஸ் பற்றி ஒரு சிறு சேர்க்கை. ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 284 எடுத்தது. இன்னும் ஏழு ரன் எடுத்திருந்தால் ஃபாலோ ஆனை (மிகவும் பின்தங்கிய அணி உடனே மீண்டும் மட்டை பிடிப்பதை) தவிர்த்திருக்கும். பிராட்மனை வெரிட்டி இரண்டு இன்னிங்ஸிலும் வீழ்த்தினார்: சனிக்கிழமையே, மழைக்கு முன்பு, 36 ரன்னில் தம் பந்தில் தாமே பிடித்தார்; திங்களன்று 13 ரன்னில் தூக்கி அடித்த பந்தை விக்கெட் கீப்பர் லெஸ் ஏம்ஸ் பிடித்தார். இருபதாம் நூற்றாண்டில் லார்ட்ஸில் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவை வென்ற ஒரே டெஸ்ட் அது. அடுத்த வெற்றி 2009-இல்தான் வந்தது.

சேப்பாக்கத்தான்

மழை இல்லையென்றால் வெரிட்டி யார் என்ற கேள்விக்கு எங்கள் ஊரிலேயே ஒரு விடை இருக்கிறது. அதை யாரும் குறிப்பிடாததால் எழுதுகிறேன்.

1934 பிப்ரவரி 10 முதல் 13 வரை சென்னை சேப்பாக்கத்தில் நடந்தது அந்த மைதானத்தின் முதல் டெஸ்ட் போட்டி. டக்ளஸ் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து, சி.கே. நாயுடு தலைமையிலான இந்தியா. முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்து 335. நம் அமர் சிங் 86 ரன்னுக்கு ஏழு விக்கெட் எடுத்தார். ஜார்டினும் வெரிட்டியும் எட்டாவது விக்கெட்டுக்கு 97 ரன் சேர்த்திராவிட்டால் அந்த எண்ணிக்கை மிகக் குறைவாகவே முடிந்திருக்கும். வெரிட்டியின் பங்கு 42. பிறகு அவர் பந்தைக் கையில் எடுத்து 49 ரன்னுக்கு ஏழு விக்கெட் வீழ்த்த, இந்தியா 145-க்கு ஆட்டமிழந்தது. இரண்டாவது இன்னிங்ஸில் மேலும் நான்கு. இங்கிலாந்து 202 ரன் வித்தியாசத்தில் வென்றது. மூன்று டெஸ்ட் கொண்ட அந்தத் தொடரில் வெரிட்டி 23 விக்கெட் எடுத்தார், சராசரி 16.82.

பிப்ரவரிச் சென்னையின் வெயிலை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. யார்க்ஷயரின் ஈரத்தில் வளர்ந்த ஒருவர் இங்கே வந்து அப்படி வீசினார் என்பதை, அதே மாடத்தில் உட்கார்ந்து எத்தனையோ சுழற்பந்து வீச்சாளர்களைப் பார்த்தவன் என்ற முறையில், மரியாதையோடு குறித்து வைக்கிறேன்.

பழைய மட்டை

சேப்பாக்கம் கணக்கை ஏற்கிறேன். அதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். ஆனால் அன்றைய இந்திய அணி டெஸ்ட் தகுதி பெற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வலிமையான அணி, கெட்டியான களம், கடும் வெயில் மூன்றும் சேர்ந்த இடம் ஆஸ்திரேலியா. 1936-37 பயணத்தில் ஐந்து டெஸ்ட் ஆடிய வெரிட்டிக்குக் கிடைத்தது பத்து விக்கெட். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நான்கு தொடர்களிலும் சேர்த்து 59 விக்கெட், சராசரி 28.06; அதிலிருந்து லார்ட்ஸைக் கழித்துவிட்டால் 44 விக்கெட்தான் மிஞ்சும். நல்ல பந்துவீச்சாளர் என்பதில் எனக்கு ஐயமில்லை. யார்க்ஷயரில் அவருக்கு முன் இடக்கைச் சுழல் வீசிய வில்ஃப்ரெட் ரோட்ஸ் வரிசையில் வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

இடக்கைச்சுழல்

1936-37 தொடரில் பிராட்மன் 270, 212, 169 என்று மூன்று பெரும் இன்னிங்ஸ் ஆடினார். அப்படிப்பட்ட தொடரில் ஒரு சுழற்பந்து வீச்சாளரிடம் அணித்தலைவர் எதிர்பார்ப்பது விக்கெட் மட்டுமன்று. ஒரு முனையைப் பூட்டி வைப்பதையும்தான். வெரிட்டி அதைச் செய்தார். தொடக்க ஆட்டக்காரர்கள் நிலைக்காமல் போனபோது, அடிலெய்டு டெஸ்டில் அவரையே சார்லி பார்னெட்டுடன் முதலில் இறங்கச் சொன்னார்கள். இருவரும் 53 ரன் சேர்த்தார்கள். கேட்டதைச் செய்யும் மனிதர்.

பூட்டி வைப்பது என்றால் என்னவென்பதற்கு 1939 மார்ச் மாதத்து டர்பன் டெஸ்டைப் பாருங்கள். முடிவு தெரியும்வரை ஆடுவது என்று தொடங்கி, பத்து நாட்களுக்குப் பிறகு, இங்கிலாந்து அணி கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் முடிவின்றி நின்ற ஆட்டம் அது. ஓவருக்கு எட்டுப் பந்து. வெரிட்டி அந்தப் போட்டியில் வீசியவை 766 பந்துகள். கொடுத்தவை 184 ரன்கள். எடுத்தவை நான்கு விக்கெட்டுகள். ஆறு பந்து ஓவராக மாற்றினால் ஓவருக்கு ஒன்றரை ரன்கூட இல்லை. சலவைக்கல் போன்ற களத்தில், எதிரணி இரண்டு இன்னிங்ஸில் ஆயிரம் ரன்னுக்கு மேல் குவித்த போட்டியில் இதைச் செய்தார். பத்துக்குப் பத்தையும் இந்த நான்குக்கு 184-ஐயும் ஒன்றாக வைத்து எனக்குக் காட்டினால், பந்து வீசுபவன் என்ற முறையில் இரண்டாவதையே என் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன்.

பிராட்மனை டெஸ்ட் கிரிக்கெட்டில் மிக அதிக முறை, எட்டு முறை, ஆட்டமிழக்கச் செய்தவர் வெரிட்டியே என்பதையும் மறக்க வேண்டாம்.

நூலகத்து மூலை

இந்த இழையை நேற்றிலிருந்து வாசித்து வருகிறேன். எண்களைத் தாண்டி ஒரு விஷயம் பேசப்படவில்லை. வெரிட்டி ஒரு தொழில்முறை ஆட்டக்காரர். அன்றைய இங்கிலாந்தில் அதற்குச் சமூகப் பொருள் இருந்தது.

லீட்ஸில் பிறந்து அருகிலுள்ள ராடன் பகுதியில் வளர்ந்தவர். தந்தை நிலக்கரி வணிகத்தில் பணி செய்தவர். கூலிக்கு ஆடுபவர்களும், சம்பளம் வாங்காத கனவான்களும் பல மைதானங்களில் வெவ்வேறு அறைகளில் உடை மாற்றி, வெவ்வேறு வாயில்கள் வழியாகக் களத்துக்குள் வந்தார்கள். யார்க்ஷயரின் தலைவர் பதவி கனவான்களுக்கே உரியது. ஹெர்பர்ட் சட்கிளிஃப் போன்ற பெருமட்டையாளருக்கு 1927-இல் அதை அளிக்க முன்வந்தபோதுகூட அவர் மறுத்துவிட்டார். பிறகு 1960 வரை அந்த அணிக்குத் தொழில்முறைத் தலைவர் வாய்க்கவில்லை. இங்கிலாந்து அணிக்கு லென் ஹட்டன் தொழில்முறைத் தலைவராக வந்தது 1952-இல். ஆகவே வெரிட்டி எவ்வளவு நுட்பமாக ஆட்டத்தை அறிந்திருந்தாலும், தம் பந்துவீச்சுக்குக் களத்தடுப்பாளர்களைத் தாமே நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இறுதிவரை இன்னொருவர் வழியாகவே வந்தது.

வெரிட்டி தம் இரு மகன்களுக்கு வைத்த பெயர்கள் வில்ஃப்ரெட், டக்ளஸ். முதலாவது ரோட்ஸின் பெயர். இரண்டாவது ஜார்டினின் பெயர். மட்டையாளரின் உடலைக் குறிவைத்து வேகப்பந்து வீசிய 1932-33 பாடிலைன் தொடரால் ஆஸ்திரேலியா முழுவதும் வெறுத்த ஜார்டினை, அவர் தலைமையில் ஆடிய ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் இப்படி மதித்தார். முன்னோடிக்கு ஒன்று, தம்மை நம்பிய தலைவருக்கு ஒன்று என்று அவர் கடன் தீர்த்த விதம் என் மனத்தைத் தொடுகிறது.

ஏட்டுக்கணக்கர்

அவர் தோல்வியை ஏற்ற விதத்துக்கும் ஒரு சான்று. 1935-இல் ஷெஃபீல்டில் தென்னாப்பிரிக்காவின் ஜாக் கேமரன் அவருடைய ஒரே ஓவரில் மூன்று நான்குகளும் மூன்று ஆறுகளுமாக 30 ரன் எடுத்தார். விக்கெட் கீப்பர் ஆர்தர் வுட் அருகே வந்து, கேமரன் இப்போது பெருங்குழப்பத்தில் இருக்கிறார், நான்கு அடிப்பதா ஆறு அடிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை என்று வெரிட்டியிடம் சொன்னாராம். அந்தப் பருவத்தை வெரிட்டி 211 விக்கெட்டோடு முடித்தார். அடுத்த இரண்டு பருவங்களில் 216, 202.

நூலகத்து மூலை

என் முந்தைய பதிவில் சொல்லாமல் விட்ட வெரிட்டியின் கடைசி ஆண்டுகளையும் எழுதி முடித்துவிடுகிறேன்.

1939 செப்டம்பர் 1. ஹோவ் மைதானத்தில் சசெக்ஸ் அணிக்கு எதிரான போட்டியின் கடைசி நாள். அன்று காலை ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்துவிட்டது. வெரிட்டி ஆறு ஓவர் வீசி ஒன்பது ரன்னுக்கு ஏழு விக்கெட் எடுத்தார். சசெக்ஸ் 33 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. யார்க்ஷயர் அணி பேருந்தில் ஏறி வடக்கே திரும்பியது. அந்த அணி அப்படியே மீண்டும் ஒன்றுகூடவில்லை.

போர் வரும் என்று முன்பே கணித்து, பயண நாட்களில் இராணுவ நூல்களை வாசித்து வந்தவர் அவர். கிரீன் ஹவார்ட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து கேப்டன் ஆனார். அதே முதல் பட்டாலியனில் அவருடன் இருந்தவர் நார்மன் யார்ட்லி. போருக்குப் பின் யார்க்ஷயருக்கும் இங்கிலாந்துக்கும் தலைமை தாங்கிய கனவான் ஆட்டக்காரர். கிரிக்கெட் களத்தில் ஒருபோதும் கிடைத்திருக்காத கேப்டன் என்ற சொல் வெரிட்டியின் பெயருக்கு முன்னால் இராணுவத்தில் வந்து சேர்ந்தது. 1942-இல் படைப்பிரிவு இந்தியாவில் ராஞ்சியில் இருந்தது. அங்கே அவர் வயிற்றுக்கடுப்பால் கடுமையாக அவதிப்பட்டார். பின்னர் பாரசீகம், சிரியா, எகிப்து. 1943 ஜூலையில் சிசிலி.

ஜூலை 19 இரவு, கட்டானியா சமவெளியில், விளைந்து நின்ற வயல் வழியாக அவருடைய கம்பெனி ஒரு பண்ணை வீட்டை நோக்கி முன்னேறியது. பயிர் தீப்பற்றி எரிந்தது. மார்பில் காயம்பட்டு விழுந்த வெரிட்டி, நிற்காமல் முன்னேறுங்கள் என்று வீரர்களை ஏவினார். ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, நேப்பிள்ஸுக்கு வடக்கே உள்ள கசெர்ட்டா நகரின் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குப் பின் ஜூலை 31 அன்று இறந்தார். வயது 38. அந்த ஊரின் போர்க் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

சேப்பாக்கத்தான்

இதை வாசித்தபின் வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. நம் மைதானத்தின் முதல் டெஸ்டில் ஏழு விக்கெட் எடுத்தவர் இப்படி முடிந்தார் என்பது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. நன்றி.

பழைய மட்டை

மரணத்தின் முன் வாதத்தை நீட்டிப்பது எனக்கும் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் கேட்கப்பட்ட கேள்வி ஆட்டத்தைப் பற்றியது. அதற்கு உண்மையாக இருப்பதுதான் அந்த மனிதருக்கும் மரியாதை என்று நம்புகிறேன்.

டர்பன் கணக்கை இரவு உட்கார்ந்து சரிபார்த்தேன். முதல் இன்னிங்ஸில் 55.6 ஓவர், இரண்டாவதில் 40 ஓவர், 766 சரியே. மழைக்களத்து வீச்சாளர் என்று நான் தொடக்கத்தில் எழுதியது தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எண்களைப் பற்றிய என் ஐயத்துக்கு ஒரு சான்று மிச்சம் இருக்கிறது, அதை மறைக்க முடியாது. வெரிட்டியின் இடத்தில் 1946-இல் யார்க்ஷயருக்கு வீசியவர் ஆர்தர் பூத். அவரும் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர், வயது 43. அந்த ஈரமான கோடையில் 111 விக்கெட் எடுத்து, 11.61 என்ற சராசரியோடு நாட்டிலேயே முதலிடம் பெற்றார். யார்க்ஷயர் மீண்டும் சாம்பியன் ஆனது. யார்க்ஷயரின் களமும் அதன் களத்தடுப்பும் ஓர் இடக்கை வீச்சாளருக்கு எவ்வளவு கொடுத்தன என்பதை இது காட்டவில்லையா?

இடக்கைச்சுழல்

காட்டுகிறது. நீங்கள் வைத்த சான்றுகளிலேயே வலிமையானது இது. இதற்கு முழு மறுப்பு என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பூத் 1931-இலேயே யார்க்ஷயருக்காக ஓரிரு போட்டிகள் ஆடியவர். அதன்பின் 1945 வரை அவருக்கு அந்த அணியில் இடம் கிடைக்கவில்லை. இப்படி வீசத் தெரிந்த ஒருவரைப் பதினான்கு ஆண்டுகள் வெளியிலேயே நிறுத்தி வைத்தது வெரிட்டியின் பந்துவீச்சு.